பாதியில் நின்ற ஜெபம்

செல்லப்பா மாமா ஜெபிக்க எழுந்தால் பிரியாணி ஆறிப்போகும் என்பது எங்கள் சபையில் விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் ஒப்புக்கொண்ட சத்தியம். நீளமாக ஜெபிக்கிறவர் ஒருவராவது இல்லாத சபை உலகத்தில் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆள் வேறு ரகம். மற்றவர்கள் எக்ஸ்பிரஸ் என்றால் இவர் பாசஞ்சர். எல்லா ஸ்டேஷனிலும் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, சிக்னலுக்கும் காத்திருந்துதான் போவார்.

நான் சொல்வது எண்பதுகளின் செகந்திராபாத்தை. என் அப்பாவும் மாமாவும் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்கள். இருவரும் சாயர்புரத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். உறவு ஒன்றும் கிடையாது. ஊர்ப்பாசத்தில் மாமா, மாமி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். குவார்ட்டர்ஸில் முதலில் எங்கள் வீடு, அடுத்தது நஸ்ரின் வீடு, அதற்கடுத்தது மாமா வீடு. நஸ்ரினும் நானும் ஒரே வகுப்பு. சபை பிக்னிக் என்றால் என்னைவிட முன்னால் கிளம்பி நிற்பாள். அவளும் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே கறியை அவள் அப்பா சொல்கிற கடையில்தான் வாங்குவார்கள்.

மாமாவின் ஜெபம் டெல்லியில் கிளம்பும். முதலில் ஜனாதிபதி, பிரதமர். பிறகு எல்லையில் பனியில் நிற்கிற ராணுவ வீரர்கள். அங்கிருந்து தெற்கே இறங்கி, திருமுல்கேரி முகாமில் பனியில் நிற்காத வீரர்களையும் விட்டுவிடாமல், ஸ்டேஷன் போர்ட்டர்கள், போவன்பள்ளி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் லாரிக்காரர்கள், அவர்கள் கண்ணயராமல் ஓட்டுவதற்கான கிருபை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சபைக்குள் வருவார். வந்த பிறகுதான் ஆபத்து. யார் வீட்டில் என்ன விசேஷம், என்ன வியாதி என்று மாமி விசாரித்துக்கொண்டு வருவார். மாமா அதை ஜெபத்தில் சேர்த்துவிடுவார். பானு டீச்சர் தனக்கு மூலம் இருப்பதைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மாமா ஆண்டவரிடம் சொன்னார். நூற்றைம்பது பேர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஸ்டேஷன் எப்போதும் அவர் வீடுதான். ஒரே மகன் ஜெபசீலன். எங்களைவிட ஐந்து வயது பெரியவன். அண்ணன் என்று கூப்பிடுவோம். "ஆண்டவரே, என் மகன் ஜெபசீலன் இன்டர்மீடியட் கணக்குப் பரீட்சையில் மூன்றாம் முறையும் தவறிப்போனான் என்பதை நீர் அறிவீர்" என்பார் மாமா. ஆண்டவர் முன்னமே அறிந்திருப்பார். நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். "ரெஜிமென்டல் பஜார் டீக்கடைக்குப் பின்னால் அவன் சிகரெட் பிடிப்பதையும் நீர் காண்கிறீர்." நானும் மற்றப் பெண்பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில் பெஞ்சே ஆடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஜெபசீலன் அண்ணனின் முகத்தை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். நாங்கள் பார்க்கவில்லை.

ஜெபத்துக்கு நேரம் பிடிப்பது எங்கள் விளையாட்டு. அப்பாவின் வாட்சை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஈஸ்டர் விருந்து ஒன்றில் பத்தொன்பது நிமிஷம் போனதுதான் சாதனை. அன்றைக்கு நஸ்ரின் என் காதில், "கைக்கு இத்தனை நேரம்? அல்லாவுக்கு ஒருதடவை சொன்னா புரியாதா?" என்று கேட்டாள். கைக்கு என்றால் அவள் வீட்டு உருதுவில் ஏன் என்று அர்த்தம்.

எண்பத்தாறாம் வருஷம் ஜனவரி இருபத்தாறு. குடியரசு தினம் என்றால் எங்களுக்குக் கொடியேற்றம் அல்ல, சபை பிக்னிக். திருமுல்கேரிக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரண்டு பஸ் நிறையப் போய் இறங்கினோம். சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர், வசனம் ஒப்புவிக்கும் போட்டி எல்லாம் முடிந்தபோது மணி ஒன்றரை. தையல் இலைகள் போட்டாயிற்று. எங்கள் முதுகுக்குப் பின்னால் அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அந்த வாசனையில் யாருக்கும் ஆவிக்குரிய சிந்தனை மிச்சமில்லை. போதகர் சுற்றிலும் பார்த்து, "செல்லப்பா அண்ணன் ஜெபிப்பாங்க" என்றார். நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சுவிட்ட சத்தம் கேட்டது.

பதினொன்றாவது நிமிஷத்தில் நஸ்ரின் என்னைக் கிள்ளினாள். "நீ நிறுத்து பாப்போம். என் இலைக் கோழிக்கால் உனக்கு." அப்போது எனக்குப் பதினாலு வயது. கோழிக்கால் பெரிய விஷயம். மாமா அன்று லாரிக்காரர்கள், வேலையில்லாத வாலிபர்கள் எல்லோரையும் கடந்து, "வீட்டை விட்டுப் போன பிள்ளைகளையும்…" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி மூச்சிழுக்க நிறுத்தினார். முன்னால் கிடந்த தையல் இலையைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, வயிற்றிலிருந்து குரலை எடுத்துச் சொன்னேன்: "ஆமென்!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு ஆண்குரல். அடுத்த நொடி நூற்றைம்பது பேரும் "ஆமென்" என்று முழங்கினார்கள். அவ்வளவு ஒருமனமான ஆமெனை எங்கள் சபை அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை. கரண்டிகள் மோதின, பிரியாணி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாமா கண்ணைத் திறந்து, அண்டாக்கள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. நஸ்ரினுக்கு மட்டும் தெரியும். பானு டீச்சர் அது தேவதூதனுடைய குரல்தான் என்று பெண்கள் ஐக்கியத்தில் சாட்சியே சொன்னார்கள். அவர்களுக்கு அப்படி நம்பக் காரணம் இருந்தது. நானும் நஸ்ரினும் மாதக்கணக்கில் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் மாமா சபையில் ஜெபிப்பதையே நிறுத்திவிட்டார். போதகர் கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிட்டு, "வேற யாரையாவது கூப்பிடுங்கய்யா" என்பார். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் சபை சுடச்சுடச் சாப்பிடுகிறது. எனக்கு மட்டும் ஒவ்வொரு வாயும் உறுத்தும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு பந்தியில் உட்கார்ந்தால்தான் குறுகுறுக்கும்.

என் அப்பா இறந்தபோது அது தாங்கமுடியாததாகிவிட்டது. புதிதாக வந்த போதகர் அடக்க ஆராதனையில் அழகான தமிழில் மூன்று நிமிஷம் ஜெபித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் இடது முழங்கால் வலி அவருக்குத் தெரியாது. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது தெருநாய்களுக்கு அப்பா ரொட்டி வாங்கிப் போடுவது தெரியாது. மாமா ஜெபித்திருந்தால் அந்த நாய்களில் ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டார். அவர் இரண்டாவது வரிசையில் தலை குனிந்து, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனின் வாயை ஒரு கோழிக்காலுக்காக அடைத்துவிட்டேனே என்று அன்று நான் அப்பாவுக்காக அழுததோடு சேர்த்து அழுதேன்.

இப்போது என் மகள் தாரிணிக்கு நிச்சயதார்த்தம், வருகிற சனிக்கிழமை, சபை ஹாலில். பையன் கோயம்புத்தூர், இருவரும் ஐ.டி.யில் ஒரே ஆபீஸ். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். அதுபற்றி எனக்கு மனக்குறை உண்டு, அது வேறு கதை. சாப்பாட்டு ஜெபத்தைச் செல்லப்பா மாமாதான் செய்ய வேண்டும் என்று சொன்னேன். என் கணவர் சுதர்சன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மூணு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணும்."

"அவர் இப்ப ஜெபிக்கிறதே இல்லை."

"அப்ப ஏன் கிணத்தைத் தோண்டிப் பூதத்தைக் கிளப்புற?"

கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகியும் அந்த ஆமெனை அவரிடம் சொன்னதில்லை. நஸ்ரினுக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் வைஸ் பிரின்சிபாலாக இருக்கிறாள். பேச்சில் அந்த அதிகாரம் ஏறியிருக்கிறது. "சொல்லிடு லிஸ்ஸி. எண்பத்தாறு வயசு அவருக்கு. அப்புறம் யார்கிட்ட போய்ச் சொல்லுவ? நான் வர்றேன், கிளம்பு" என்றாள்.

மாமா இப்போது போவன்பள்ளியில் மகனோடு இருக்கிறார். மாமி போய் ஆறு வருஷமாயிற்று. ஜெபசீலன் அண்ணன் கணக்கில் எப்படியோ கரையேறி, ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவரே வந்து கதவைத் திறந்து, உட்காரவைத்துவிட்டு டீ போட உள்ளே போனார். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பித்தான் கழுத்துவரை.

"ஏட்டி லிஸ்ஸி, வா வா. இது நஸ்ரின்லா? ரெண்டு பேருக்கும் முடியெல்லாம் நரைச்சுப் போச்சே!"

"சாயம் பூசியிருக்கேன் மாமா, தெரியலியா?"

"தெரியுது. அதாம்ட்டி சொல்லுதேன்."

வந்த விஷயத்தைச் சொன்னேன். தாரிணி, சனிக்கிழமை, சாப்பாட்டு ஜெபம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

"நான் சபையில ஜெபிக்கதில்ல, ஒனக்குத் தெரியாதா? கர்த்தரே நிறுத்திட்டாரு. அப்புறம் நான் எப்படி வாயத் தொறக்க?" என்றவர் நஸ்ரின் பக்கம் திரும்பினார். "நீயும் அன்னைக்கு தோப்புல இருந்தியா? அந்தச் சத்தத்தக் கேட்டியா?"

"கேட்டேன் மாமா. ரொம்பப் பக்கத்துலயே கேட்டேன்" என்றாள் நஸ்ரின். என் விலாவில் அவள் முழங்கை.

"அதுக்கு முன்னால நடந்தது யாருக்கும் தெரியாதுட்டி. எம்பிள்ள வீட்ட விட்டுப் போயி பதினாறு நாளு. போகும்போது சொன்னான், இன்னொரு தடவ என் பேர ஜெபத்துல எடுத்தா இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்னு. நான் என்ன செஞ்சேன்? அன்னைக்கும் எடுக்கத்தான் போனேன். வீட்ட விட்டுப் போன பிள்ளைகள்னு சொல்லியாச்சு. அடுத்த வார்த்த அவன் பேருதான். மூச்சு இழுக்கேன், அப்பத்தான் அந்தச் சத்தம். கண்ணத் தொறந்தா, அண்டாவுக்கு அந்தப் பக்கம் அவன் நிக்கான். தோள்ல பை. நான் பேரச் சொல்லியிருந்தா அவன் போயிருப்பான். கர்த்தர் என் வாய அடைச்சு எம்பிள்ளயத் தந்தாரு. இன்னைக்கு வரைக்கும் அதுக்காக அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருக்கேன்."

ஒரு கிழவரின் வாயை அடைத்த பாவத்தை அறிக்கையிட வந்தால், அவர் அதை முப்பத்தெட்டு வருஷமாக அற்புதமாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அற்புதம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் கர்த்தரே நிறுத்தினார் என்று நம்பிக்கொண்டு வாய்திறக்காமலே கண்ணை மூடிவிடுவார். நஸ்ரினைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில்தான் வாய் திறந்தது.

"மாமா, அது கர்த்தர் இல்ல. நான்."

அவருக்குப் புரியவில்லை. போலீஸ்காரரிடம் வாக்குமூலம் கொடுப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். தையல் இலை, கூம்பு, கோழிக்கால். கடைசியில், "பசிச்சுது மாமா" என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், மகள் நிச்சயத்துக்கு வாங்கின புதுப் புடவைக்கெல்லாம் பிளவுஸ் தைத்தாகிவிட்ட நிலையில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீயா?" என்றார்.

"நான்தான்."

"அவ்வளவு கட்டக் குரலா ஒனக்கு?"

"ஹவ் மாமா, ஆமா, இவதான்" என்றாள் நஸ்ரின். "நக்கோ, வேணாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல."

பந்தயம் கட்டினதே இவள்! நான் திரும்பி அவளை முறைப்பதற்குள் மாமாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று பயந்துபோய் எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டியிருந்த பல்செட் நழுவுமளவுக்குச் சிரித்தார்.

"வேதத்துல தீர்க்கதரிசிகிட்ட கழுத வாயால பேசினவருக்கு ஒன் வாயி கெடைக்காமலா போவும்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லாத்தாம்ட்டி ஆளப் பிடிச்சிருக்காரு!"

என்னைக் கழுதை என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்திலேயே, "அப்ப சனிக்கிழமை ஜெபிப்பீங்களா மாமா?" என்றேன்.

அவர் தலையாட்டினார். இல்லை என்று.

"சத்தம் யாரு குடுத்தா என்னட்டி, நான் செஞ்சது தப்புத்தான. எம்பிள்ளய ஏசணும்னா அவன் மூஞ்சியப் பாத்து ஏசியிருக்கணும். அதுக்குத் தெம்பில்லாம மேல பாத்துச் சொன்னேன். ஊரயே கேக்க வச்சேன். அது ஜெபமா? அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? இனி அந்த வாயி சபையில வேண்டாம்."

பெஞ்சு ஆடச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போதுதான் ஜெபசீலன் அண்ணன் வாசற்படியில் நிற்பதைக் கவனித்தேன். கையில் தட்டு, நாலு கிளாஸ் டீ. எவ்வளவு நேரமாக நின்றாரோ, டீயில் ஆடை படிந்திருந்தது.

"அப்பா, அன்னைக்கு நான் வீட்டுக்குத் திரும்பி வரல" என்றார். "சட்டை எடுக்க வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி அம்மாகிட்ட, அம்மா பிக்னிக்ல. அதான் தோப்புக்கு வந்தேன். சாயங்காலம் பாம்பே வண்டிக்கு டிக்கெட் பாக்கெட்ல இருந்தது."

மாமா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டை விட்டுப் போன பிள்ளைகள்னு நீங்க ஆரம்பிச்சதும், இதோ வருது நம்ம பேருன்னு பையத் தூக்கிட்டேன். யாரோ ஆமென்னு சொன்னாங்க. நீங்க உட்கார்ந்துட்டீங்க. பேரு வரல. சரி, சாப்பிட்டுட்டே போலாம்னு உட்கார்ந்தேன்."

"சாப்ட்டுட்டு?" என்றாள் நஸ்ரின்.

"தூங்கிட்டேன். அம்மா எழுப்பினப்ப வண்டி போயிருந்தது."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. அண்ணன் தட்டை வைத்துவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மனுஷனுக்கு ஐம்பத்தேழு வயது, தலை முழுக்க வழுக்கை.

"அப்போ கோபம்தான்பா, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் நீங்க என் பேரைச் சொல்லவே இல்லையே. எனக்குக் கல்யாணம் ஆச்சு, ஆபரேஷன் ஆச்சு, அம்மா போனாங்க. ஒருநாள்கூட என் பேரச் சொல்லி நீங்க ஜெபிச்சு நான் கேக்கல."

"ரூமுக்குள்ள தெனமும் சொல்லுதேன்டே" என்றார் மாமா.

"எனக்குக் கேக்கணும்பா."

மாமா இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். உட்கார்ந்து ஜெபிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நாங்களும் எழுந்தோம். நஸ்ரின் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் டெல்லியை எதிர்பார்த்தேன், ஜனாதிபதியை, பனியில் நிற்கிற வீரர்களை. ஒன்றும் வரவில்லை.

"ஆண்டவரே, என் மகன் ஜெபசீலன்…"

அதற்கு மேல் போகமுடியவில்லை. மறுபடியும், "என் மகன் ஜெபசீலன்" என்றார். உதடு கோணிக்கொண்டது. பத்தொன்பது நிமிஷம் மூச்சுவிடாமல் ஜெபித்த மனுஷனுக்கு மகன் பேருக்கு அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முகமெல்லாம் நனைய நின்றார். நாங்கள் காத்திருந்தோம். எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது.

ஒருவழியாக மாமா கண்ணைத் திறந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். அப்புறம் என்னைப் பார்த்து, "சனிக்கிழம சாப்பாடு எத்தன மணிக்குட்டி?" என்று கேட்டார்.

"ஒரு மணிக்கு மாமா."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப நான் பன்னெண்டேகாலுக்கே ஆரம்பிச்சிருதேன்" என்றார்.